ஊதாவா, லோட்டனா? தேன்சிட்டுக் குழப்பத்தைத் தீர்க்கும் வழி

மாடியில் ஒரு செம்பருத்தித் தொட்டி வைத்திருந்தால் போதும், இந்தக் கேள்வி ஒருநாள் வந்தே தீரும். கறுப்பாக, கைக்குள் அடங்கிவிடும் அளவில் ஒரு குருவி வந்து பூவின் அடியில் அலகைச் செருகிவிட்டுப் பறக்கிறது. அவசரமாக ஃபோனில் ஒரு படம். நண்பர்கள் குழுவில் போட்டால் இரண்டு நிமிடத்தில் இரண்டு பதில்: ஒருவர் ஊதாத் தேன்சிட்டு என்பார், இன்னொருவர் லோட்டன் தேன்சிட்டு என்பார். மூன்றாமவர் ஒரு கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்.

இரண்டும் ஒரே பேரினம். ஊதாவின் அறிவியல் பெயர் சின்னிரிஸ் ஏசியாட்டிகஸ், லோட்டனின் பெயர் சின்னிரிஸ் லோட்டனியஸ். ஆண்கள் இரண்டுமே தூரத்தில் கறுப்பு, பெண்கள் இரண்டுமே மேலே பழுப்பு, கீழே மஞ்சள். தமிழ்நாட்டில் பல ஊர்களில் இரண்டும் ஒரே மரத்துக்கு வரும். அதனால் குழம்புவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் குழப்பத்தில் பெரும்பகுதி பறவையால் வருவதில்லை, நாம் நிறத்தில் தொடங்குவதால் வருகிறது. நிறத்தைக் கடைசியில் வைத்துக்கொண்டு அலகில் தொடங்கினால் பாதிச் சிக்கல் தானாகவே அவிழ்ந்துவிடும். கீழே உள்ளதெல்லாம் அதன் விரிவுதான். உங்களுக்கு எது தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம்.

முதலில்: எந்த ஊரில் நிற்கிறீர்கள்?

இது ஒரு நொடி வேலை, ஆனால் யாரும் செய்வதில்லை. ஊதாத் தேன்சிட்டு ஈரான் பக்கம் தொடங்கி இந்தியா முழுக்கப் பரவி வியட்நாம் வரை போகிறது. லோட்டனுக்குத் தீபகற்ப இந்தியாவும் இலங்கையும்தான் உலகம். டெல்லியில் வேலை பார்க்கும் தம்பி பால்கனியில் எடுத்து அனுப்பிய கறுப்புத் தேன்சிட்டு ஊதாதான். மேற்கொண்டு யோசிக்கத் தேவையில்லை. சென்னை, மதுரை, கோவை, யாழ்ப்பாணம், கொழும்பு என்றால் தொடர்ந்து படியுங்கள்.

"முழுக்கக் கறுப்பு. வேறு நிறமே தெரியவில்லை."

அதிகம் வரும் புகார் இது. காரணம் பறவையில் இல்லை, வெயிலில் இருக்கிறது.

தேன்சிட்டின் ஊதா நிறம் சாயம் பூசியதைப்போன்ற நிறமல்ல. இறகின் நுண்ணிழைகளுக்குள் மெலனின் என்ற கருநிறமியின் துகள்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும் ஒளிதான் நமக்கு ஊதாவாகவும் நீலமாகவும் பச்சையாகவும் தெரிகிறது. கோணம் மாறினால் நிறமும் மாறும், சரியான கோணம் கிடைக்காவிட்டால் வெறும் கறுப்புதான். மயில்கழுத்து நிறப் பட்டுப்புடவையை வாசல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்போமே, கண்ணுக்கு அப்படித்தான் இருக்கும்.

சூரியன் பறவைக்குப் பின்னால் இருந்தால் எந்தத் தேன்சிட்டும் காக்காய்க் கறுப்புதான். எனவே முதலில் நீங்கள் இடம் மாறுங்கள். வெயில் உங்கள் முதுகில் விழும்படி நின்றுகொள்ளுங்கள். பறவை போய்விடுமே என்ற பயம் வேண்டாம். பூ இருக்கும் வரை அது திரும்பத் திரும்ப வரும். ஒரு பூச்செடிக்கு எதிரே பத்து நிமிடம் அசையாமல் உட்கார்ந்தால் போதும். காலை எட்டு மணிக்கு முன் என்றால் இன்னும் நல்லது. உச்சி வெயிலில் எல்லாமே கறுப்பும் வெள்ளையுமாகிவிடும்.

வெளிச்சம் சரியானதும் இரண்டு இடங்களைப் பாருங்கள்: நெஞ்சு, வயிறு.

லோட்டன் ஆணுக்கு நெஞ்சின் குறுக்கே ஒரு அரக்கு நிறப் பட்டை உண்டு. நல்ல வெளிச்சத்தில் அகலமாகவே தெரியும். அதற்குக் கீழே வயிறு மினுமினுப்பு இல்லாத புகைப்பழுப்பு. மேலே பட்டு, கீழே கைத்தறி என்று வைத்துக்கொள்ளலாம். ஊதா ஆணுக்கு வயிறும் கருநீலமாகவே இருக்கும், மேலுக்கும் கீழுக்கும் அவ்வளவு வேறுபாடு தெரியாது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. "அரக்குப் பட்டை இருந்தால் லோட்டன்" என்று பலர் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். ஊதா ஆணுக்கும் நெஞ்சில் மெல்லிய செம்பழுப்புப் பட்டை ஒன்று உண்டு. பெரும்பாலும் கண்ணில் படாது. ஆனால் நல்ல கேமராவும் நல்ல வெயிலும் சேர்ந்துவிட்டால் பளிச்சென்று பட்டுவிடும். அப்போது படம் எடுத்தவர் "பட்டை இருக்கிறதே!" என்று சண்டைக்கு வருவார். பட்டை இருக்கிறதா என்பதைவிட, பட்டைக்குக் கீழே வயிறு எந்த நிறம் என்பதுதான் நல்ல கேள்வி. அதைவிட நல்ல கேள்வி அடுத்தது.

"அலகு நீளமா, குட்டையா? பார்த்தால் தெரியவில்லையே."

இந்தக் கேள்விக்கு வந்துவிட்டீர்கள் என்றால் சரியான பாதையில் இருக்கிறீர்கள்.

லோட்டனின் அலகு கதிரறுக்கும் அரிவாள் மாதிரி. அடியிலிருந்து நுனி வரை வளைவு விடாமல் போய்க்கொண்டே இருக்கும், நுனி நன்றாகத் தொங்கும். ஊதாவின் அலகு கோணி ஊசி மாதிரி. வளைவு இருக்கிறது, ஆனால் மிதமாக. மொத்த நீளத்தில் ஊதா சுமார் 10 சென்டிமீட்டர், லோட்டன் சுமார் 13. அந்தக் கூடுதல் நீளத்தில் அலகுக்கும் நல்ல பங்கு உண்டு. மரத்தில் உட்கார்ந்திருக்கும் லோட்டனைப் பார்த்தால், உடம்புக்குப் பொருத்தமில்லாத ஒன்றை யாரோ முகத்தில் மாட்டிவிட்டது போலவே இருக்கும்.

கண்ணளவில் சந்தேகம் வந்தால் அளந்துவிடுங்கள். படத்தை ஃபோனில் பெரிதாக்கி நிறுத்துங்கள். ஒரு காகிதத்தின் ஓரத்தைத் திரையில் வைத்து, அலகு தொடங்கும் இடத்திலிருந்து பின்மண்டை வரை பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அதே அளவை அலகின் மேல் வைத்துப் பாருங்கள். அலகும் தலையும் ஏறக்குறைய சமமாக, அல்லது அலகு கொஞ்சம் கூடுதலாக இருந்தால் ஊதா. அலகு தலையைப்போல ஒன்றரை மடங்கை எட்டினால், அல்லது தாண்டினால் லோட்டன். சாதாரண வேலைதான். ஆனால் குழுவில் நடக்கும் அரை மணி நேர வாக்குவாதம் இதில் அரை நிமிடத்தில் முடிந்துவிடும்.

அளந்தும் தவறு வரும் இடங்கள் சில உண்டு. நான் எல்லாவற்றிலும் விழுந்திருக்கிறேன்.

பறவை உங்களைப் பார்த்தபடி, அல்லது சற்றே திரும்பி உட்கார்ந்திருந்தால் அலகு சுருங்கித் தெரியும். எங்கள் வீட்டு மாமரத்தில் ஏறிய புல்லுருவிப் பூவுக்கு வரும் ஒரு லோட்டனை மூன்று வாரம் ஊதா என்று எழுதிவைத்திருந்தேன். எடுத்த படங்களில் எல்லாம் அது என்னைப் பார்த்தபடியே இருந்தது! ஒருநாள் பக்கவாட்டில் திரும்பிய பிறகுதான் அந்த அரிவாள் தெரிந்தது. பக்கவாட்டுப் படம் இல்லாமல் அலகை வைத்து முடிவு சொல்லவே கூடாது.

நேர்மாறான தவறும் உண்டு. தேன் குடித்து முடித்த தேன்சிட்டு நாக்கை வெளியே நீட்டியபடி இருக்கும். அது மெல்லிய குழல் போன்ற நீண்ட நாக்கு. தெளிவில்லாத படத்தில் அது அலகோடு சேர்ந்து ஒன்றாகத் தெரியும், குட்டை அலகு ஊதா திடீரென்று லோட்டனாகிவிடும். நுனியில் நூல் மாதிரி மெலிந்துபோகிறதா, வளைவை விட்டு நேராக நீள்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். அது நாக்கு.

மூன்றாவது, குஞ்சுகள். கூட்டைவிட்டு வெளியேறிய புதிதில் எந்தத் தேன்சிட்டுக்கும் அலகு முழு நீளத்துக்கு வளர்ந்திருக்காது. வாயோரம் மஞ்சளாகத் தடித்திருந்தால், வால் குட்டையாக இருந்தால், அது நேற்றுப் பறக்கக் கற்ற குஞ்சு. அதன் அலகை அளக்காதீர்கள். ஊட்ட வரும் தாய்க்காகக் காத்திருங்கள், தாயின் அலகை அளங்கள்.

"வயிறு மஞ்சள், தொண்டையிலிருந்து கீழே ஒரு கறுப்புக் கோடு. இது மூன்றாவது இனமா?"

இல்லை. இது பெரும்பாலும் உடை மாற்றிய ஊதா ஆண்.

இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஊதா ஆண் தன் மினுமினுப்பைக் கழற்றிவைத்துவிடும். முதுகு பழுப்பு, வயிறு மஞ்சள், பெண்ணைப்போலவே ஆகிவிடும். ஆனால் தாடையிலிருந்து நெஞ்சு வரை நடுவில் கருநீலக் கோடு ஒன்று மட்டும் மிஞ்சும். முழு வேட்டியைக் கழற்றிவிட்டுக் கழுத்துப் பட்டியை மட்டும் விட்டுவைத்தது போல ஒரு கோலம். இறக்கையின் தோள்பக்கத்தில் மினுமினுப்பும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். முதல்முறை பார்க்கிறவர்கள் புத்தகத்தில் தேடித் தேடிக் களைத்துப்போவார்கள்.

"பெரும்பாலும்" என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. இளம் ஆண்கள் பெரியவர்களின் நிறத்துக்கு மாறும்போதும் தொண்டையிலும் நெஞ்சிலும் திட்டுத்திட்டாகக் கறுப்பு ஏறும், லோட்டனிலும் அப்படித்தான். எனவே கோட்டைப் பார்த்ததும் ஊதா என்று எழுதிவிடாமல் அலகுக்குத் திரும்புங்கள். கோடு இருந்தால் ஆண் என்பது உறுதி. எந்த இனம் என்பதை அலகுதான் சொல்லும்.

"கறுப்பே இல்லை. மேலே பழுப்பு, கீழே மஞ்சள்."

பெண். இதுதான் உண்மையிலேயே கடினமான இடம். இங்கே தப்பு செய்யாதவர் இருக்கிறார் என்றால் அவர் பெண் தேன்சிட்டையே பார்த்ததில்லை என்று பொருள்.

முதலில் ஒரு மூன்றாம் ஆளை ஒதுக்க வேண்டும். தமிழ்நாட்டு வீட்டுத் தோட்டங்களில் மிக அதிகமாக வருவது ஊதாப்பிட்டுத் தேன்சிட்டு. அது வேறு பேரினம். ஆணைக் குழப்பிக்கொள்ள வழியில்லை: முதுகு அரக்கு, வயிறு மஞ்சள். பெண்ணுக்குத் தொண்டை சாம்பல் வெள்ளை, அதன் கீழே நெஞ்சில்தான் மஞ்சள் தொடங்கும். ஆக, தொண்டையைப் பாருங்கள். தொண்டை வெளுத்து, நெஞ்சு மஞ்சளாக இருந்தால் நம் இரண்டு ஆட்களில் எவரும் இல்லை. தொண்டையிலிருந்தே மஞ்சளாக இறங்கினால் மேலே போகலாம்.

ஊதாப் பெண்ணுக்குக் கண்ணுக்கு மேலே வெளிறிய புருவக்கோடு லேசாகத் தெரியும், அடிப்புற மஞ்சளும் சற்றுத் தெளிவு. லோட்டன் பெண்ணுக்கு முதுகு இன்னும் கருத்தது, மஞ்சள் மங்கியது, புருவம் இல்லை என்று சொல்லிவிடலாம். வாலின் நுனியில் வெள்ளை இரண்டுக்குமே உண்டு, அதனால் பயனில்லை. புத்தகத்தில் படித்தால் எல்லாம் தெளிவாகத்தான் இருக்கும். இலை நிழலில் ஆடிக்கொண்டிருக்கும் பறவையிடம் புருவம் தேடிப் பாருங்கள், அப்போது தெரியும். என் பழக்கம், பெண் என்று தெரிந்த உடனே நிறத்தை மறந்துவிட்டு அலகுக்குப் போவது. பக்கவாட்டில் அரிவாள் தெரிந்தால் லோட்டன். தெரியாவிட்டால், கூடவே ஆண் யாராவது வருகிறாரா என்று பார்ப்பேன். அதுவும் இல்லாவிட்டால் "ஏதோ ஒரு தேன்சிட்டு" என்று எழுதிவிட்டு எழுந்துவிடுவேன். பார்த்த பறவைகளைப் பதிந்துவைக்கும் இபேர்டு இணையதளத்தில் இனம் குறிப்பிடாமல் தேன்சிட்டு என்று மட்டும் பதியவும் வழி இருக்கிறது. பொங்கல் பறவைக் கணக்கெடுப்பில் ஆர்வக்கோளாறில் தவறான பெயரைப் பதிவதைவிட அது எவ்வளவோ மேல்.

"நெற்றியில் ஆரஞ்சுப் பொட்டு இருக்கிறது."

மகரந்தம். பூவுக்குள் தலையை விட்டு எடுத்தால் ஒட்டத்தானே செய்யும்? அடுத்த பூவுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குத்தான் பூவும் தேன் கொடுக்கிறது. மஞ்சளாகவோ வெள்ளையாகவோகூட இருக்கலாம். அடையாளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

"இறக்கைக்கு அடியில் மஞ்சளும் சிவப்புமாக ஏதோ பளிச்சிட்டது."

அதுவும் குழப்பக்கூடாது. ஆண்களுக்கு நெஞ்சின் இரு ஓரங்களிலும் சிறு இறகுக் கொத்து உண்டு. பெண்ணைக் கவரும்போதும், எதிரியிடம் வீரம் காட்டும்போதும் விரிக்கும், மற்ற நேரம் இறக்கைக்குள் ஒளிந்திருக்கும். இரண்டு இனத்திலும் உண்டு. ரசித்துவிட்டு அலகைப் பாருங்கள்.

"பறவை தெரியவில்லை, சத்தம் மட்டும். செயலி ஒரு பெயரைச் சொல்கிறது."

மெர்லின் போன்ற செயலிகள் நல்ல துணைதான். திரையில் பெயர் மின்னியதும் அதை அப்படியே பட்டியலில் ஏற்றிவிடுவதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. தேன்சிட்டுகளின் சின்னச் சின்ன "சிட், சிட்" குரல்கள் ஒன்றுக்கொன்று மிகவும் நெருக்கமானவை.

முழுப் பாட்டு கேட்டால் கொஞ்சம் பிடி கிடைக்கும். ஊதா ஆண் உயரமான கிளையிலோ கம்பியிலோ உட்கார்ந்து அவசர அவசரமாக, மூச்சு விடாமல் ஒரு கலவையாகப் பாடும். லோட்டன் ஒரு சிறு சொற்றொடரை எடுத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் சொல்லும், கேட்பவர்களுக்குப் பட்டாணிக் குருவியின் நினைவு வரும். சத்தத்தை வைத்து மரத்தைக் கண்டுபிடியுங்கள், உச்சிக் கிளையில் தேடுங்கள். பாடும் பறவை நகராமல் உட்கார்ந்திருக்கும். வானத்தின் பின்னணியில் நிறம் தெரியாது, ஆனால் அலகின் கோடு அச்சடித்தாற்போலத் தெரியும். அந்த ஒரு நேரத்தில் மட்டும் பின்வெயில் நமக்கு நண்பன்.

"பறவையைக் காணோம், கூடு மட்டும் தொங்குகிறது."

துணி காயப்போடும் கம்பியில், வாசல் விளக்கில், காய்ந்த கொடியில் ஒரு சிறு பை மாதிரி தொங்கும். நார், காய்ந்த இலை, மரப்பட்டைச் சிராய், எல்லாவற்றையும் சிலந்தி வலையால் கட்டிப் பிணைத்திருக்கும். பக்கவாட்டில் வாசல். கட்டுவது முழுக்கப் பெண்தான், ஆண் பக்கத்தில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும். (இதில் நான் எதையும் ஒப்பிட்டுச் சொல்லப் போவதில்லை.)

லோட்டன் சில சமயம் கூட்டமாக வாழும் சிலந்திகளின் அடர்ந்த வலைப்பொதிக்குள்ளேயே கூட்டை அமைத்துக்கொள்ளும். முள்மரத்தில் அழுக்குப் பஞ்சு மாதிரி தொங்கும் வலைக்குள் ஒரு தேன்சிட்டு நுழைவதைப் பார்த்தால் லோட்டனா என்று சந்தேகப்படலாம். சந்தேகம் மட்டும்தான். கூட்டின் வடிவத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள்.

உறுதி செய்யக் கூட்டுக்கு அருகே போக வேண்டாம். கிளையை வளைக்க வேண்டாம், உள்ளே ஃபோனை நீட்ட வேண்டாம். வழக்கமாக இரண்டு முட்டை இருக்கும், அடைகாப்பது பெண் மட்டும். அது பயந்து வெளியேறிய நேரத்தில் காக்கை கண்ணில் பட்டால் கதை முடிந்தது. பத்தடி தள்ளி நில்லுங்கள். பெண் வந்து வாசலில் தொற்றும்போது பக்கவாட்டுத் தோற்றம் அருமையாகக் கிடைக்கும். அளக்க அது போதும்.

"ஹம்மிங் பேர்டு என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்."

ஹம்மிங் பேர்டு அமெரிக்கக் கண்டங்களை விட்டு வெளியே இல்லை. நம் தேன்சிட்டும் சில நொடி அந்தரத்தில் நின்று தேன் குடிக்கும், அதுதான் குழப்பத்துக்குக் காரணம். ஆனால் தேன்சிட்டுக்குக் காம்பில் உட்கார்ந்து குடிப்பதில்தான் விருப்பம். இரண்டும் உறவல்ல, ஒரே தொழிலைத் தனித்தனியே கற்றுக்கொண்டவை.

"லோட்டன் என்றால் என்ன? தமிழ்ப் பெயரே இல்லையா?"

அறிகுறிப் பட்டியலில் இது சேராது, ஆனால் எல்லோரும் கேட்கிறார்கள். யோவான் கிடியோன் லோட்டன் என்பவர் 1752 முதல் 1757 வரை இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்தவர். பறவைகள், விலங்குகள் மீது ஆர்வம் கொண்டவர். பீட்டர் கொர்னேலிஸ் டி பெவேரே என்ற ஓவியரைக்கொண்டு அங்குள்ள உயிரினங்களைப் படமாக வரையவைத்தார். 1766-இல் லின்னேயஸ் என்ற இயற்கையியலாளர் இந்தப் பறவைக்கு அறிவியல் பெயர் வைத்தபோது லோட்டனின் பெயரைச் சேர்த்தார். ஊதாவுக்கு லேதம் என்ற ஆங்கிலேயர் 1790-இல் பெயர் வைத்தார். ஆளுநரின் பெயரை மறந்துவிட்டு "நீள அலகுத் தேன்சிட்டு" என்று சொன்னால் எனக்கு ஆட்சேபணை இல்லை. அடையாளமும் பெயரிலேயே வந்துவிடும்.

"தினமும் காலையில் பைக் கண்ணாடியைக் கொத்துகிறது."

இனப்பெருக்கக் காலத்து ஆண். கண்ணாடிக்குள் தெரிவது தன் எல்லைக்குள் நுழைந்துவிட்ட எதிரி என்று நினைத்துக்கொண்டு சண்டை போடுகிறது. எதிரி களைப்பதே இல்லை என்பதால் இதுவும் விடுவதில்லை. நாள் கணக்கில் நடக்கும். கண்ணாடியில் எச்சம், பறவைக்கு வீண் களைப்பு.

ஆனால் அடையாளம் காண இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. ஜன்னல் ஓரமாக நின்றால் ஐந்தடி தூரத்தில், தாழ்வான உயரத்தில், எல்லாக் கோணத்திலும் பறவை தெரியும். எங்கள் தெருவில் வருவது ஊதாதான், அலகை அளந்துவிட்டேன். படம் எடுத்து முடித்ததும் இரண்டு கண்ணாடிக்கும் பழைய காலுறையை மாட்டிவிடுங்கள். வண்டியை எடுக்கும்போது கழற்ற மறக்க வேண்டாம். நான் ஒருநாள் மறந்துவிட்டு, இரண்டு பக்கமும் காலுறை தொங்க, கடைத்தெரு வரை போய்வந்தேன்.